நட்ட புல்

நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி நடத்த யோகேஸ்வரனிடம் ஒரு பெண் குதிரை இருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே அது மேய்ந்த கால் ஏக்கர் நிலம், ஒன்பது வருடம் மிதிபட்டு வெறும் சேறாகிவிட்டது. சேற்றில் நின்று நின்று குளம்பு அழுகத் தொடங்கியதும், அவன் குதிரையை லயத்துக்குப் பின்னால் கட்டிவிட்டு நிலத்துக்கு வேலி போட்டான். மண்ணைக் கொத்தி, ஆற்றோரத்திலிருந்து சாக்குச் சாக்காகப் புல்வேர் கொண்டுவந்து, சாண் இடைவெளியில் ஒவ்வொன்றாக நட்டான். மூன்று மாதம் குதிரை அதில் கால் வைக்கக் கூடாது.

யாரிடமும் சொல்லாதே என்று மனைவி ஜீவராணியிடம் கேட்டுக்கொண்டான்.

"தேயிலைக்குள்ள புல்லு புடுங்கிச் சோறு திங்கிற ஊருல, புல்லு நடுறேன்னு சொன்னா லயமே சிரிக்கும் புள்ள."

வேலியைப் பார்த்தவர்கள் கரட் கிழங்கு போடப்போகிறான் என்றார்கள். அவனும் தலையாட்டி வைத்தான்.

கடைசிச் சாக்குக்குப் போன இடத்தில் குளவி கொட்டியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே உயிர் போய்விட்டது.

கருமாதி முடியும்வரை துக்க வீட்டுக்காரி வேலையில் கை வைக்கக் கூடாது. லயத்துப் பெண்கள் முறை வைத்துச் சமைத்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள். ஜீவராணி ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவன் கைபட்டதில் இன்னும் வளர்வது அது ஒன்றுதான்.

கருமாதிக்கு முந்திய நாள் மத்தியானம் அசந்து படுத்திருந்தவளுக்கு மண் செதுக்கும் சுரண்டியின் சத்தம் கேட்டது. வாசலைச் சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாள்.

எழுந்து வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டு வேலாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றிருந்தாள். பின்னால் நான்கு பெண்கள்.

"நாளைக்குச் சொந்தபந்தம் வரும். செத்த வீட்டுத் தோட்டம் காடா கெடக்குன்னு பேசிறக் கூடாதுல்ல? ஒன்னு விடாம எடுத்துட்டோம் தாயி. மறுபடி மொளைக்காம வேரப் பொறுக்கி எரிச்சும் போட்டாச்சு. தொரைமாருக்கு முப்பது வருசம் புடுங்குன கை, ஒனக்குப் புடுங்காதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். இனிமேல் கரட் விதைத்தால் நன்றாக வரும் என்றாள் ஒருத்தி.

ஜீவராணி கீழே பார்த்தாள். களையெடுத்த தேயிலை நிரையைப்போல நிலம் துப்புரவாகச் செம்மண் காட்டியது. மூலையில் புகை இன்னும் அடங்கவில்லை. ஐந்து பேரின் விரல்களிலும் மண் அப்பியிருந்தது.

"நல்லா இருக்குங்க அக்கா," என்றாள்.

லயத்துக்குப் பின்னால் போனாள். வேரை நறுக்கியெடுத்த புல்லையெல்லாம் வீணாக்காமல் குதிரையின் முன்னால் குவித்திருந்தார்கள். பாதி தீர்ந்துவிட்டது. மண்டியிட்டுக் குவியலைக் கிளறினாள். ஒரு வேராவது ஒட்டியிருக்குமா என்று ஒவ்வொரு பிடியாக விரித்துப் பார்த்தாள். இல்லை. குதிரை மூக்கால் அவள் கையைத் தள்ளியது. அவள் அந்தப் பிடியில் ஒட்டியிருந்த மண்ணை ஊதித் தட்டிவிட்டு, அதன் வாயில் கொடுத்தாள்.