சனிக்கிழமைப் பட்டியல்

கல்கத்தாத் தமிழ்ச் சபையில் நற்கருணை வாங்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமையே பெயர் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பதினெட்டு வருஷமாக எழுதிவந்தவர் மாசிலாமணிப் பிள்ளை. வேளாளர் பெயர்கள் மேலே, மற்றவர்கள் கீழே. கோயிலிலும் அப்படித்தான்: வலப்பக்கம் ஒரு பாய், இடப்பக்கம் ஒரு பாய். வலப்பக்கத்தார் பாத்திரத்தில் குடித்து முடித்த பிறகே இடப்பக்கத்தார் எழலாம். ஆண்டவருடைய இரத்தம் ஒன்றுதான், உதடுகள்தான் வேறு வேறு என்று நினைத்திருந்த பெரிய மனிதர்கள்!

அவருடைய ஒரே மகள் சுகிர்தம், அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கும் பாக்கியநாதனைக் கட்டிக்கொண்டு இடப்பக்கப் பாயில் போய் உட்கார்ந்தாள். வரிசை மீறியவர்களைப் பட்டியலிலிருந்து நீக்குவது சபை விதி. பெற்றவரே இருவர் பெயரையும் நீக்கினார். மூன்று வருஷம் கழித்து, போன ஆடியில், வாந்திபேதியில் அவள் போய்விட்டாள். அவள் வீடு அடுத்த தெருதான். அவர் போகவில்லை. அன்றிலிருந்து அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டார், ஆபீசுக்குப் போனார், தூங்கினார், அவ்வளவுதான்.

இந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில், சபைக் கமிட்டி கூடியது. வாலிபர்கள் சுதேசிக் கூட்டங்களுக்குப் போகிறார்கள், கோயிலுக்கு வருவதில்லை.

“கோல்திகிக் குளத்தங்கரையில வங்காளி பாபுமாரு எல்லாச் சாதிக்காரன் கையிலயும் ராக்கி கட்டுறாங்க” என்றார் குரு. “நம்ம பிள்ளைங்க அதைப் பாத்துட்டு வந்து நம்ம பாயைப் பாக்குதுங்க. எந்த முகத்தோட அவங்களைக் கூப்பிடுறது?”

ஒரு மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் முடிவாயிற்று: இனி ஒரே பாய், பெயர் கொடுத்த வரிசைதான் வரிசை, நீக்கியவர்களைத் திரும்பச் சேர்ப்பது. மாசிலாமணி குறுக்கே விழுவார் என்று எல்லாரும் பயந்திருந்தார்கள்.

“பிள்ளைவாள், நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார் குரு.

“தீர்மானத்தை எழுதியாச்சு” என்று மைக்கூட்டை மூடினார்.

சனிக்கிழமை பாக்கியநாதன் பெயர் கொடுத்துவிட்டுப் போனான். அவர் எழுதினார். அதன் கீழே சுகிர்தம் என்று எழுதினார். அதன் கீழே தன் பெயர். ஏன் எழுதினோம் என்று அவர் யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் பாக்கியநாதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. குரு பெயர்களை வாசிக்க, ஒவ்வொருவராக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். பாக்கியநாதன் போனான்.

“சுகிர்தம்” என்று வாசித்த குரு, திகைத்துப்போய்ப் பட்டியலை மறுபடி பார்த்தார்.

மாசிலாமணி பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார்.

பாதி வழியில் நின்ற பாக்கியநாதன் திரும்பி வந்து குனிந்தான். “மாமா, அவ செத்துப்போயிட்டா.” அதுவரை அவன் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

“எப்போ?” என்றார் மாசிலாமணி.

“ஆடியில. சாகும்போது நற்கருணை கேட்டா. பேரு பட்டியல்ல இல்லேன்னு சபையில சொல்லிட்டாங்க. நான் தண்ணிதான் குடுத்தேன்.”

குரு அடுத்த பெயரை வாசித்தார். மாசிலாமணி. இன்னொரு முறையும் வாசித்தார்.

அவர் எழவில்லை. மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்க அழுதுகொண்டிருந்தார்.