கீழே போகிற ஜோடி

ஜோடி நடனத்துக்கு மேடையிலிருந்து அடுத்த அடியைச் சொல்வது கோராவின் வேலை. அதிலும் தொடர் ஆட்டம் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்குத் தாவ வேண்டும். ஒத்திகை கிடையாது. மேடையிலிருந்து குரல் வருவதுதான் தாமதம், வரிசையில் இருப்பவர்கள் யோசிக்காமல் ஆடிவிடுவார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் பக்கத்தில் கோராவுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. கர்வமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்வானேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஊர்க் கூடம் நிறைந்திருந்தது. மேடைப் பக்கம் மேல், கூடத்தின் மறுகோடி கீழ். ஒவ்வொரு சுற்றுக்கும் பாதி ஜோடிகள் ஓரிடம் கீழே இறங்கின, மீதி ஓரிடம் மேலே ஏறின. கடைக்கோடிக்குப் போன ஜோடி ஒரு சுற்று சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வரும். கோராவின் மகள் லிண்டி கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

கடைக்கோடியில் வெண்டல் நின்றான். போன மாதம் உறைந்த ஏரியின் பனி உடைந்து மூழ்கிச் செத்தவன். குளிரில் இறுகிக் கிடக்கும் மண் இளகட்டும், அப்புறம் புதைக்கலாம் என்று பெட்டியோடு கல்லறைக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். இப்போது சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறான், படுபாவி. கீழே வந்த ரூத்தின் கையைப் பிடித்தான். அடுத்த சுற்றில் ரூத்தின் புருஷன் மட்டும் திரும்பி வந்தான், வெறும் காற்றை அணைத்துச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக.

யாரும் கவனிக்கவில்லை. தலை சுற்றாமலிருக்க எதிரே இருப்பவரின் கண்ணையே பார்த்து ஆடுகிறவர்கள் இவர்கள்.

கோரா மட்டும் மேடையிலிருந்து பார்த்தாள். அடுத்தது லிண்டி.

வாசிப்பை முடிக்கச் சொல்லிக் கோரா கையைத் தூக்கினாள். பிடில்காரர் ஆல்டன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

“நிறுத்துங்க, போதும்,” என்றாள் மைக்கில்.

“ஏன், அதுக்குள்ள மூச்சு வாங்குதா கோரா?” என்று வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். யார் காலும் நிற்கவில்லை. இறங்கி ஓடினாலும் பயனில்லை. குரல் நின்றுபோனால் கடைசியாகச் சொன்னதையே ஆடிக்கொண்டு கீழே போவார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. ஆட்டத்தை மாற்றலாம்.

லிண்டிக்கு எதிரே நெட்டா ஆடிக்கொண்டிருந்தாள், கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பாதவள். வெண்டல் வருவதற்கு முன்பே கடைக்கோடியைத் தொட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள், பிழைத்தவள்.

கோராவுக்கு இது தெரியாமலில்லை. நன்றாகத் தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

“எதிர் ஜோடியோட இடம் மாத்திக்குங்க. கீழ போறவங்க இனி மேல வாங்க, மேல வர்றவங்க கீழ போங்க.”

ஒரு காலும் பிசகவில்லை. அவ்வளவு நம்பிக்கை அவள் குரல்மேல். லிண்டி மேடையைப் பார்த்து ஏறத் தொடங்கினாள். நெட்டா சிரித்துக்கொண்டே கீழே இறங்கினாள். வெண்டல் கையை நீட்டினான்.

மேடையில் பக்கத்தில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவள் மார்ஜ், நெட்டாவின் அம்மா. கூடத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பாள்.

“இன்னிக்கு அசத்துறடி கோரா,” என்றாள் திரும்பாமலே. “நம்ம பொண்ணுங்க ரெண்டும் நல்லா ஆடுதுங்களா?”

“ஆடுதுங்க மார்ஜ். நீ வாசி,” என்றாள் கோரா. அடுத்த ஆட்டத்தைச் சொன்னாள்.