நாக்குக்கு அடியில் ஒன்றுமில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை நான் யோசித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் தைராய்டு ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பெண் போனில் சொன்னாள்: "முழுங்கத்தாங்க செஞ்சேன். நீங்கதான பாத்துக்கிட்டு நின்னீக."

அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது. (நான் குண்டாக இருப்பதற்குத் தைராய்டுதான் காரணம் என்று ஊரை நம்பவைத்திருக்கிறேன். புரோட்டாவை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.)

2

'கழுத்தில் பட்டாம்பூச்சி போல அமர்ந்திருக்கும் அந்தச் சின்னஞ்சிறு சுரப்பி...'

வேண்டாம். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைக் காப்பியடித்தது.

'ராஜகுமாரி பொய் சொல்கிறாள் என்று சங்கரசுப்புவுக்குச் சந்தேகம் வந்தது.'

இது பரவாயில்லை. சங்கரசுப்பு வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாலு பவர்லூம் தறி ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் ஓர் இழை அறுந்தால் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். அவர் மனைவி ராஜகுமாரிக்கு ஒரு வருடமாகத் தைராய்டு மாத்திரை. ஐம்பது மைக்ரோகிராமில் தொடங்கி எழுபத்தைந்து, நூறு, நூற்றிருபத்தைந்து. மாத்திரையைக் கூட்டக் கூட்ட, ரத்தப் பரிசோதனையில் இறங்க வேண்டிய டி.எஸ்.எச். எண்ணும் ஏறிக்கொண்டே போனது. உடம்பு கனத்தது. வயிறு உப்பியது. வெளிக்குப் போக நாலு நாளானது. தோல் வறண்டு அரித்தது.

"உள்ள போற மாத்திரை எங்கட்டி போகுது?"

"எனக்கென்ன தெரியும்? வயித்தத்தான் கேக்கணும்."

"நக்கலா? சாக்கடையில போடுதியோ என்னமோ."

மறுநாளிலிருந்து தறியை ஓட்டுவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு, அவரே மாத்திரையைப் பிதுக்கி அவள் கையில் வைத்தார்.

"முழுங்கு. வாயத் தொற. நாக்கத் தூக்கு."

முப்பத்தொன்பது வயதுப் பெண் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒன்றுமில்லை. அப்படியும் அவருக்குத் திருப்தியில்லை.

3

இந்த இடத்தில் அவரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் மாத்திரை தொடங்கிய மாதமே மனைவியின் அரிப்பைப் பார்க்கப் பொறுக்காமல் கோயில் புற்றுமண்ணை வாங்கி வந்ததும் அவர்தான். காலையில் ஒரு ஸ்பூன் மண்ணை டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஆற்றி, அவள் கையில் கொடுப்பதும் அவர்தான். சந்தேகப்படுகிற கையும் கலக்கித் தருகிற கையும் ஒன்றாக இருந்தால் நான் எப்படித் திட்டுவது?

சரி, அவளைச் சந்தேகப்படலாம் என்று ஒரு வரைவு எழுதினேன். அதில் ராஜகுமாரி மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக் கொல்லையில் துப்பினாள். எழுதி முடித்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது. பெஞ்சில் கேட்ட குரல் அப்படிப்பட்டதல்ல.

4

பிறகு குடலைச் சந்தேகப்பட்டேன். மூன்று நாள் செல்போனில் படித்து அரை டாக்டர் ஆனேன். தைராய்டு சோம்பினால் குடலும் சோம்பும். அந்தக் குடல் வழியாகத்தான் தைராய்டு மாத்திரை ரத்தத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் தலையில் கட்டுகிற ஆபீஸ்.

'அன்றிலிருந்து ராஜகுமாரி தினமும் பழைய சோற்றைச் சாப்பிட, எல்லா நோயும்...'

நிறுத்திவிட்டேன். இன்னொரு வரி எழுதியிருந்தால் இது வாட்ஸப்பில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் செய்தியாகியிருக்கும்.

5

ஆகவே ஒரு டாக்டர் தேவைப்பட்டார். ஆயிஷா சித்திகா; வயது முப்பத்திரண்டு.

"அக்கா, எண்ணு முப்பத்தொண்ணுல நிக்குது. குடல் மாத்திரைய ஏத்துக்கிடலையோன்னு நெனைக்கேன். திருநெல்வேலியில வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கச் சொல்லி எழுதட்டா?"

"குழாயா?" ராஜகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாயை ஏற்கெனவே ஒருத்தர் தினமும் சோதனை போடுகிறார்.

டாக்டர் பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார். "வெறும் வயித்துலதான போடுதீங்க? எதோட?"

"தண்ணியிலதான். அவுக கலக்கித் தருவாக."

"தண்ணியில என்னத்தக் கலக்குதாக?"

"நம்ம கோயில் புத்துமண்ணு, டாக்டரம்மா. அரிப்புக்கு."

டாக்டர் பேனாவை மூடினார். அடுத்த வாக்கியத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் புரிந்தது. கோயில் மண்ணைப் பற்றி ஆயிஷா சொன்னால் அது வேறொன்றாகிவிடக்கூடிய காலம்.

"அக்கா, நான் சாமிய ஒண்ணும் சொல்லல. மேலுக்குப் பூசிக்கோங்க. உள்ள குடிச்சா, மண்ணு மாத்திரையப் பிடிச்சுவச்சிக்கிடும், ரத்தத்துல சேர விடாது. அந்த அரிப்பே தைராய்டாலதான் இருக்கும். ஆறு வாரம் வெறும் தண்ணியில போடுங்க. எறங்குதான்னு பாப்போம். எறங்கலன்னா குழாய்."

(டாக்டரைப் படைத்தது நான்தான். இருந்தாலும் பயந்துபோய், டீயில் மாத்திரை முழுங்குகிற வழக்கத்தை அன்றோடு விட்டேன்.)

ராஜகுமாரி எழுந்திருக்கவில்லை.

"அப்ப நான் ஏமாத்தல, என்ன?"

"இல்லக்கா."

"இதை அவுககிட்ட நீங்க சொல்லுதீகளா?"

"நீங்க சொல்லுங்க."

6

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். தன் கையாலேயே ஒரு வருடம் கெடுத்தோம் என்று அவருக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எதையும் ஆற்றித் தரமாட்டார், காப்பியைக்கூட.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அப்படியானால் அவர் சந்தேகப்பட்ட திருட்டை இனிமேல்தான் அவள் பழக வேண்டும். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, அவர் தறிப்பக்கம் திரும்பியதும் மண் தண்ணீரை வாழைக்கு ஊற்றி, வெறும் தண்ணீரில் முழுங்க வேண்டும். எண் இறங்கும். "பாத்தியா, நான் நின்னு பாத்தாத்தான் ஒழுங்கா முழுங்குத," என்பார். அவள் ஆயுளுக்கும் பொய்க்காரி.

முடிவு மூன்றில் அவர் அழுது மன்னிப்புக்... எனக்கே நம்பிக்கையில்லை.

என்னால் எழுத முடிந்தது மறுநாள் காலை ஆறு மணி வரைக்கும்தான். தறி இன்னும் ஓடவில்லை. சங்கரசுப்பு டம்ளரை ஆற்றிக்கொண்டு வருகிறார். சூடே இல்லாத தண்ணீரை எதற்கு ஆற்றுகிறார் என்று அவளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. மாத்திரை அவள் உள்ளங்கையில் இருக்கிறது.

"முழுங்கு. வாயத் தொற."

அவள் வாயைத் திறக்கிறாள். முழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டவா, டாக்டர் சொன்னதைப் பேசவா? நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். நான் என் ரிப்போர்ட்டை வாங்கப் போகிறேன்.