சண்டை போட ஒரு தம்பி

அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் நலத் துறை போடும் திட்டம் சரிதானா என்று பார்த்துச் சொல்வதுதான் அந்த மறுஆய்வாளர் அம்மாவின் வேலை. அவர் துறைக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அதனாலேயே அவரைக் கண்டால் துறை மேலாளருக்கு முகம் அஷ்டகோணலாகிவிடும்.

அன்று ஒரு பதினோரு வயதுப் பெண்ணின் விவகாரம். விடுதியில் அவளுக்குச் சூறாவளி என்று பெயர். அவளை ஒரு குடும்பத்திடமும், அவள் தம்பியை ஊரின் மறுகோடியில் இன்னொரு குடும்பத்திடமும் விடுவதாகத் திட்டம்.

“ஏன் பிரிக்கறீங்க?” என்றார் மறுஆய்வாளர்.

“ஓயாத சண்டை மேடம். போன வாரம் அவன் கையைக் கடிச்சு வெச்சுட்டா,” என்றார் மேலாளர்.

“அவகிட்ட கேட்டீங்களா?”

“சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?”

“அவளைப் பத்தித்தானே கூட்டம்? கூப்பிடுங்க.”

சூறாவளி வந்தாள். காலியாக இருந்தது சுழல் நாற்காலி ஒன்றுதான். உட்கார்ந்ததும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

“தனித்தனியா இருந்தா உனக்கு நிம்மதிதானேம்மா?” மேலாளர் முந்திக்கொண்டார்.

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்புறம் நான் யார்கூட சண்டை போடறது? அந்த வீட்டு அங்கிளோடயா?”

மறுஆய்வாளர் சிரிப்பை இருமலாக மாற்றப் படாதபாடு பட்டார். “சார், நீங்க கூடப்பிறந்தவங்களோட சண்டை போட்டதில்லையா?”

“ஒரே அக்கா மேடம். சேச்சே, அதெல்லாம்...” என்றவரின் கை, தன்னை அறியாமல் புருவத் தழும்பைத் தடவியது.

“அது அக்கா போட்டதா அங்கிள்?” சூறாவளிக்கு ஆர்வம் தாங்கவில்லை. “எதால அடிச்சாங்க?”

“கரண்டியால,” என்றார் மேலாளர். உடனே ரோஷம் வந்துவிட்டது. “நான் மட்டும் சும்மா விட்டேனா? அவ ஜடையை வெட்டிட்டேன்ல!”

அறையே குலுங்கியது. சூறாவளி மட்டும் சிரிக்கவில்லை.

“உங்களை யாராச்சும் பிரிச்சு வெச்சாங்களா?”

மேலாளர் எதிரே இருந்த ஃபைலை மூடிவைத்தார்.

“கடிச்சது தப்புதான்,” என்றாள் அவளே. “ஆனா அன்னிக்கு ராத்திரியே இடி இடிச்சப்போ அவன் என் போர்வைக்குள்ளதான் வந்து படுத்தான்.”

மறுஆய்வாளர் மேலாளர் பக்கம் திரும்பினார். “இந்தத் திட்டத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்துக்கற வீடா பாருங்க. இல்லேன்னா விஷயம் கோர்ட்டுக்குப் போகும்,” என்றார்.

“பாக்கறோம் மேடம்.” மேலாளர் குரலில் முறைப்பு இல்லை.

அப்படி ஒரு வீடு அமையத்தான் நாளாயிற்று. கடைசியில் ஒரு பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் இருவரையும் ஏற்றுக்கொண்டார்கள். மறுஆய்வாளர் பார்க்கப் போனபோது சூறாவளிதான் கதவைத் திறந்தாள். “கொஞ்சம் இருங்க மேடம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்ற தகராறு பாதியில் நின்றிருந்ததாம்.

“தினம் இப்படித்தானா?” என்று மறுஆய்வாளர் கவலையோடு கேட்டார்.

ஓட்டுநர் சிரித்தார். “நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேக்கற காது மேடம். இது எனக்குத் தாலாட்டு.”