கொட்டாவியில் இறங்கிய படிக்கட்டு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் பெண், கிளாரினெட்டில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியில்லாமல் வழுக்கி இறங்கியபோது, அவள் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டு மூன்று மாடிக்கும் சரிவாகிவிட்டது. இரண்டாம் மாடிக்காரர் படியில் வைத்திருந்த பால் பாத்திரம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தெருவாசல்வரை போய் நின்றது. சுரம் நின்றதும் பழையபடி படிகள் வந்துவிட்டன. கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து, சிமெண்டில் விரிசல் இல்லை என்று பார்த்துக்கொண்டு போனார்.

வாத்தியம் அவள் கணவருடையது. நாலு வருஷத்துக்கு முன் அவர் வாசித்த பேண்டு குழுவின் வண்டி கவிழ்ந்ததில் அவருக்கு இடுப்பு போனது, வாயின் இடப்பக்கம் தொங்கிவிட்டது. அந்த உதட்டில் இனி நேரான சுரம் நிற்காது என்று டாக்டர் கையை விரித்தார். யாராவது தூக்கினால் வலியில் உயிர் போகும் என்பதால், மூன்றாம் மாடி ஜன்னலும் சக்கர நாற்காலியுமே அவர் உலகமாயின. ஒரு தடவை தெருவைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்டதில்லை. காதுக்காவது ஏதாவது இருக்கட்டும் என்றுதான் அவள் வாத்தியத்தைக் கையிலெடுத்தாள். பத்து மணி நேரம் நின்று போர்வை தேய்த்துவிட்டு வந்து ஊதுவதென்றால் சும்மாவா? விரலை வெடுக்கென்று வைக்காமல், தூக்காமல், ஓட்டையின் ஓரமாக உருட்டச் சொன்னார் அவர். நாக்கைத் தாழ்த்தி, கொட்டாவிக்குத் திறப்பதுபோலத் தொண்டையைத் திறந்தால் சுரம் தானாகக் கீழே வளையும் என்றார். கொட்டாவி விட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே மாதத்தில் வழுக்கல் வந்துவிட்டது; பால் பாத்திரம் இறங்கிப் போனது அன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை நாற்காலியோடு மேல்படியில் நிறுத்தி ஊதினாள். அவர் மாப்பிள்ளைபோல நிதானமாக இறங்கினார். தெருவில் சைக்கிள் கடை நிழலில் இருவரும் வெட்கமில்லாமல் அழுதார்கள்.

ஏறுவதைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. சுரம் மேல்நோக்கி வழுக்கினால்தான் நாற்காலி ஏறும். அதற்குத் திறந்த தொண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். அவளுக்கோ திறந்த கொட்டாவி மூடுவதாயில்லை. ஒவ்வொரு முறையும் முதல் மாடிக்கு முன்பே சுரம் உடைந்து படிகள் முளைத்தன. பதினோரு நாள் அவர் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கினார். அவள் சோற்றோடும் வெந்நீரோடும் மூன்று மாடி ஏறி இறங்கினாள். அவள் கால்கள் வீங்கிவிட்டன.

பன்னிரண்டாம் நாள் வேலை விட்டு வந்தவள் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னால முடியலங்க. ஊத மூச்சில்ல.”

அவர் கை நீட்டினார். “நேரா வாசிக்க முடியாதுன்னுதானே சொன்னாங்க. இதுக்கு நேரா எதுக்கு? குடு.”

தொங்கிய உதட்டோரம் காற்று கசிந்தது. அவள் பெருவிரலால் அதை அழுத்திப் பிடித்தாள். சுரம் தாழ்வாக, கோணலாகக் கிளம்பி, எங்கும் உடையாமல் மேலே வழுக்கியது. நாற்காலியோடு, படியில் உட்கார்ந்தபடியே அவளும் வழுக்கி ஏறினாள். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது அவள் தூங்கிவிட்டாள். விரல் மட்டும் உதட்டைவிட்டு நகரவில்லை.

இப்போது காலையில் இறக்குவது அவள், மாலையில் ஏற்றுவது அவர். காய்கறிப் பையோடு வருகிறவர்கள் சேர்ந்து வழுக்கி ஏறலாம் என்று கீழே நின்று காத்திருக்கிறார்கள். சலவைக்கூடத்தில் வேலை அதிகமாகி அவள் வர நேரமானால், அன்றைக்குக் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் சமையலுக்கு நேரமாகிறது.