மகரந்தம் படுத்த கட்டில்

எங்கள் மலையில் பேரிக்காய் மரங்களுக்குத் தேனீயின் வேலையைப் பார்ப்பது மனிதர்கள்தான். இருந்த தேனீக்களை மருந்தடித்தே துரத்திவிட்டோம். அதனால் பூக்கிற காலத்தில் மூங்கில் குச்சி நுனியில் கோழி இறகைக் கட்டி, மகரந்தப் பொடியில் தோய்த்து, மரமேறி ஒவ்வொரு பூவாகத் தொட வேண்டும். தொடாத பூ காய்க்காது. கிழங்களுக்கு முட்டி போய் மரமேற முடியாமல் ஆனபோதுதான் ஊருக்கு எங்கள் ஞாபகம் வந்தது.

நாங்கள் என்றால் பட்டணத்துக்குப் பிழைக்கப் போயிருந்த ஐந்து பேர். நான் செங்டு நகரத்தில் பணக்காரப் பெண்களுக்கு நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன். யுன்போ தூரத்து டோங்குவான் நகரத்தில் ஒரு ஆலையில் செல்போனுக்குத் திரை ஒட்டினான். மற்ற மூன்று பேரும் அதே மாதிரிதான். யோசனை யுன்போவுடையது. வீட்டுக்கு வீடு தனியாக அல்லாடாமல், ஊருக்கே நாங்கள் மகரந்தம் தயாரித்து, நாங்களே மரமேறித் தொடுவது. இந்த வருடம் காய் பிடித்தால் தோட்ட வேலை முழுவதும் எங்களுக்கே என்று ஊர்க்கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். பிடிக்காவிட்டால் பழையபடி பஸ் ஏற வேண்டியதுதான்.

"போன் ஒட்டினவங்க பூ ஒட்ட வந்துட்டாங்க பாரு!" என்று டாங் மாமா சிரித்தார். அவருக்கு வாய் தோட்டத்தைவிடப் பெரியது.

யுன்போ காதில் வாங்கவில்லை. முந்திப் பூக்கும் மரங்களில் மொட்டுப் பறித்து, மகரந்தப் பைகளைத் தேய்த்துப் பிரித்து, அவன் கட்டிலில் காகிதம் விரித்துப் பரப்பினோம். காகிதத்துக்கு அடியில், குளிருக்குப் படுக்கையில் விரிக்கும் மின்கம்பளம், குறைந்த சூட்டில். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் காய வைப்பார்கள். இளஞ்சூட்டில் பைகள் வெடித்துப் பொடி உதிரும். சூடு கூடினால் பொடி செத்துவிடும். நிறமும் வாசனையும் மட்டும் மாறாது, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்குப் பார்த்துப் பனி கலந்து மழை கொட்டியது.

காலையில் நாங்கள் போனபோது பொடி நல்ல மஞ்சளாக இருந்தது. யுன்போ தரையில் சுருண்டு கிடந்தான்.

"மகாராணி கட்டில்ல, மாப்பிள்ளை தரையிலயா?" என்றேன்.

"மெதுவாப் பேசு யாலின், மகாராணி முழிச்சுக்குவா," என்றான்.

அவன் அம்மா எங்களுக்குச் சூடாக நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் வந்த நாட்களில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். கிளைக்குக் கிளை தாவி, ஒருத்தர் தலையில் ஒருத்தர் பொடி தட்டி, ஊரில் ஒரு மரம் விடாமல் தொட்டு முடித்தோம்.

பிறகு காம்புகள் மஞ்சளாகத் தொடங்கின. காற்றே அடிக்காமல் பூக்கள் காம்போடு உதிர்ந்தன. கிளையைப் பிடித்துப் பார்த்தால் பிஞ்சு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஊர் முழுக்க அதே கதைதான்.

நானும் யுன்போவும் அவன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவன் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"குளிர்ல எங்க காயப்போகுதுன்னு நான்தான் அன்னிக்குக் கம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன். சித்த நேரத்துல குறைச்சுடலாம்னு பக்கத்துலயே உக்காந்தேன். பாழாப்போன கண்ணு அசந்துடுச்சு. விடியறப்போ எழுந்து குறைச்சேன், நீ நல்லாத் தூங்கிட்டிருந்தே..."

எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். கையிலிருந்த மொச்சையை உரிக்காமல் அப்படியே முறத்தில் போட்டாள். யுன்போ எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுநாள் ஊர்க்கூட்டம். டாங் மாமா மேசையைத் தட்டினார். "யார் கெடுத்தது? அது தெரிஞ்சாகணும்."

யுன்போவின் அம்மா முன்வரிசையில்தான் இருந்தாள். அவள் எழுந்திருப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மாமா," என்றான் யுன்போ. "சூட்டைக் கூட்டி வெச்சிட்டுத் தூங்கிட்டேன்."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் என் காலை நறுக்கென்று மிதித்தான். அப்புறம் ஊர் அவனைப் பேசியதை எழுத எனக்குக் கை வரவில்லை. பட்டணம் அவன் கையைக் கெடுத்துவிட்டது என்றார்கள், அப்பன் இல்லாமல் வளர்ந்தது என்றார்கள். அவன் தலையைத் தலையை ஆட்டினான்.

அந்த வாரமே அவன் டோங்குவானுக்குக் கிளம்பினான். சாலை முக்கில் பஸ் ஏற்றிவிட நானும் அவன் அம்மாவும் போனோம். அவித்த முட்டைகளை அம்மா அவன் சட்டைப் பையில் திணித்தாள். அவன், "முட்டி வலிக்கு மருந்து போடும்மா," என்று மட்டும் சொல்லி ஏறிவிட்டான். பஸ் வளைவில் மறைந்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் அத்தை அன்னிக்கு வாயத் திறக்கல?"

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"திறந்தா? சாகுறவரைக்கும் நான் இந்த ஊர்லதானேடி கிடக்கணும். சந்தைக்குப் போனாலும் இந்த மூஞ்சியத்தானே தூக்கிட்டுப் போகணும். அவன் வயசுப் பையன். எங்க வேணாலும் போய்ப் பொழைச்சுக்குவான்."

"எங்கயும் போய்ப் பொழைக்க வேணாம்னுதானே அத்தை அவன் திரும்பி வந்தான்?"

அவள் மேட்டில் ஏறத் தொடங்கினாள். வழுக்கும் இடத்தில் நான் கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். எனக்கு மறுநாள் காலையில் செங்டுவுக்குப் பஸ்.