பேனருக்கு ஏற்ற முகம்

வெள்ளானூர் கூட்டுரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெகதீசனுக்குப் பதினைந்து வருடமாக ஒரே பேச்சுதான். "கேமரா இன்னா பண்ணும்? எல்லாம் கை." கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். அப்பேர்ப்பட்டவன் தை மாதத்தில் வேலப்பன்சாவடி காலேஜ்காரன் ஒருவனிடமிருந்து செகண்ட் ஹேண்டில் பெரிய கேமரா ஒன்றை வாங்கி வந்தபோது தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பழையதில் பட்டன் தேய்ந்துவிட்டதாம். நம்பினோம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புதுக் கேமரா முன்னால் முதலில் உட்கார்ந்தவர் ரிட்டையரான நாகப்பன். கோயில் கமிட்டி அடையாள அட்டைக்கு ஒரு படம். ஒன்பதாம் நாள் அதே படம் ஆறடி பேனரில், 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே மெயின் ரோட்டில் நின்றது. சாவுக்கு வந்தவர்கள் ஐஸ் பெட்டியைவிடப் பேனரைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். "அப்பிடியே உசுரோட கீறாருப்பா." ஜெகதீசனுக்கு, சொல்லக் கூடாது, உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது.

அடுத்து ரோஸி டீச்சர். சபை மலருக்காக எடுத்த படம். மலர் அச்சாகும் முன்னே பேனர் அச்சாகிவிட்டது. சரி, இருவருக்கும் வயசு, கூடவே சர்க்கரை. நடேசனுக்கு என்ன வந்தது? முப்பத்திரண்டு வயசு, கல்லு மாதிரி உடம்பு. பெண் வீட்டாருக்கு அனுப்ப நீலச் சட்டையில் எடுத்துக்கொண்டான். பெண் வீட்டார் பதில் சொல்லும் முன் லாரி வந்துவிட்டது. நீலச் சட்டையோடு பேனரில் நின்றான்.

அதற்கப்புறம் ஜெகதீசனின் பழைய பட்டிமன்றத்தைத் தெரு கையில் எடுத்துக்கொண்டது. "தோஷம் கேமராவுலயா, கையிலயா? அதான் மாமே தெரியணும்," என்றார் எதிர் டீக்கடை உலகநாதன், டீயை ஆற்றிக்கொண்டே.

"நல்ல படம் இருந்தா அதத்தான பேனருக்குக் குடுப்பாங்க?" என்று ஜெகதீசன் வாதாடினான். "போன்ல படம் எடுத்துகினு செத்தவன் எத்தினி பேரு, அத எவன் பாத்தான்?"

நியாயமான பேச்சு. ஆனால் ஒரு மாதமாக ஸ்டூடியோ படியில் ஒருவரும் கால் வைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிப் போகிறவர்கள் கடை வந்ததும் அதன் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டார்கள்.

உலகநாதன் வழியும் சொன்னார். "கேமராதான்னு சொல்லிட்டுத் தூக்கிக் கடாசு நைனா. ஜனம் திரும்ப வரும்."

ஜெகதீசனால் அதைச் சொல்ல முடியவில்லை. கேமராதான் என்று சொன்னால் அந்த மூன்று அருமையான படங்களை எடுத்ததும் கேமராதான் என்று ஆகிவிடும். கைதான் என்றால் கடைக்குப் பூட்டு.

முடிவு கட்டியது அவன் மனைவி அருள்மொழி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவள். வார லீவு நாளில், நாலு மணி வெயிலில், கஞ்சி போட்ட புடவை கட்டி வந்து, டீக்கடைக்குத் தெரியும்படி கதவை அகலத் திறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எடு மாமா. நான் இந்தத் தெருவுலயே நடந்துகினு இருந்தேன்னா அவுங்க வாயி தானா மூடும்."

"பழசுல எடுக்கறேன்."

"புதுசுல எடு. அதுல தான எல்லாம் போனாங்க."

அவனுக்கென்று ஒரு முறை உண்டு. சிரிங்க என்று சொல்லவே மாட்டான். ஏதாவது பேசுவான், சட்டென்று நிறுத்துவான், காத்திருப்பான். உட்கார்ந்திருப்பவர் கொஞ்ச நேரம் முகத்தைப் பிடித்து வைத்திருந்து, அலுத்து, அப்படி ஒரு முகம் இருப்பதையே மறந்துபோவார். அந்த ஒரு நொடியில் அமுக்குவான். எந்தக் கேமராவிலும் அது தானாக வராது. நாகப்பனுக்கும் டீச்சருக்கும் நடேசனுக்கும் அப்படித்தான் காத்திருந்தான். எதுவுமே இனி வேண்டாம் என்கிற முகம் அது என்பது, லென்ஸ் வழியாக மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அருள்மொழி பேச்சை நிறுத்தியிருந்தாள். டீக்கடையை முறைத்துக்கொண்டிருந்த கண்கள் தளர்ந்தன. ஏதாவது பேச்சுக் கொடுத்து இவளைத் திருப்ப வேண்டும் என்று அவன் நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் விரல் அமுக்கிவிட்டது.

"எப்பிடி வந்துச்சு?"

திரையைப் பார்த்தான். திருத்துவதற்கு ஒன்றுமில்லை. பதினைந்து வருடத்தில் இதைவிட நல்ல படம் அவன் எடுத்ததில்லை.

"கை ஆடிப்போச்சு," என்றான்.

"காட்டு, பாப்போம்," என்று உலகநாதன் டம்ளரோடு ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். ஜெகதீசன் கேமராவை நெஞ்சோடு திருப்பிக்கொண்டு குப்பைத்தொட்டிப் பட்டனை அமுக்கினான். அழிக்கவா என்று கேட்டது அது, அருள்மொழியின் முகத்துக்குக் கீழே. ஆமாம் என்று சொல்லக் கட்டைவிரல் நகரவில்லை.

"ஆடிச்சின்னா இன்னொண்ணு எடு," என்று அவள் புடவையை இழுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.